எச்பிவி தடுப்பூசி: மகளுக்கு, தங்கைக்கு, எனக்கு

என் சித்திக்கு 47 வயதில் மாதவிடாய் தாறுமாறானது. இரண்டு மாதவிடாய்க்கு நடுவிலும் லேசாக உதிரம் பட்டது. “நிற்கப்போகிற வயசு, அப்படித்தான் இருக்கும்” என்று அவரே சொல்லிக்கொண்டார். நாங்களும் தலையாட்டினோம். பத்து மாதம் கழித்து மருத்துவர் பரிசோதித்தபோது கருப்பை வாயில் கட்டி இருந்தது. பக்கத்துத் திசுக்களுக்கும் பரவியிருந்தது. கதிர்வீச்சு, கீமோ இரண்டும் எடுத்தார். 50 வயதைப் பார்க்காமலே போய்விட்டார்.

அவர் மகளுக்கு இப்போது 23. சித்தி மகள் என்றாலும் எனக்கு அவள்தான் தங்கை. என் மகளுக்கு 11. எனக்கு 41. நாங்கள் மூன்று பேரும் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டுமா, போடுவதென்றால் எப்போது, எந்த ஊசி, எத்தனை டோஸ் என்று போன வருடம் முழுக்கப் படித்தேன், மருத்துவர்களிடம் கேட்டேன். மூன்று பேருக்கும் மூன்று பதில் வந்தது. அது ஏன் என்று எழுதி வைத்தால் வேறு வீடுகளுக்கும் உதவும் என்று தோன்றியது. எல்லா வீட்டிலும் வெவ்வேறு வயதில் பெண்கள் இருக்கிறார்கள்.

எங்கே மறிக்கலாம்

பெரும்பாலான புற்றுநோய்களுக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைக் கைகாட்ட முடியாது. கருப்பை வாய்ப் புற்றுநோய் அப்படியில்லை. ஏறக்குறைய எல்லாமே ஹியூமன் பாப்பிலோமா வைரஸால் வருகிறது. சுருக்கமாக எச்பிவி. அதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது, சில வகைகள் மரு உண்டாக்கும், ஒரு டஜன் வகைகள்தான் புற்றுநோய் வரை இழுத்துப்போகும். அவற்றிலும் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனின் குழு 1983-லும் 1984-லும் இந்த இரண்டையும் புற்றுநோய்த் திசுவில் கண்டுபிடித்தது. 2008-ல் அவருக்கு அதற்காக நோபல் பரிசு கிடைத்தது. 1951-ல் இந்த நோயால் இறந்த அமெரிக்கப் பெண் ஹென்ரியெட்டா லாக்ஸின் கட்டியிலிருந்து எடுத்து, இன்றும் உலகமெங்கும் ஆய்வகங்களில் வளர்த்து வருகிறார்களே ஹீலா செல்கள், அவற்றுக்குள்ளும் 18-ஆம் வகை இருந்தது.

இது பாலுறவு வழியாகப் பரவும் வைரஸ். உறவு வாழ்க்கை தொடங்கிய ஆண், பெண் இருவரிலும் பெரும்பாலோருக்கு ஒருமுறையாவது தொற்றியிருக்கும். வாழ்நாள் முழுக்க ஒருவரோடு மட்டும் வாழ்ந்தவருக்கும் வரலாம். அதனால் இந்த நோய் வந்த பெண்ணின் நடத்தையைப் பற்றி யோசிக்க இதில் இடமே இல்லை. என் சித்தி கடைசி வரை நோயின் பெயரை யாரிடமும் சொல்லாமல் “வயிற்றுக் கட்டி” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கூச்சம் அவருக்குத் தேவையே இல்லாதது.

தொற்றியதில் பத்தில் ஒன்பது பங்கை உடம்பே ஒன்றிரண்டு வருடத்தில் விரட்டிவிடும். தங்கிவிடுகிற மீதிதான் ஆபத்து. தங்கிய வைரஸ் செல்களை மெல்ல மெல்ல மாற்றிப் புற்றாக்குவதற்குச் சாதாரணமாக 15 முதல் 20 வருடம் ஆகும். எச்ஐவி இருந்து சிகிச்சை எடுக்காதவர்களைப் போல எதிர்ப்பு சக்தி குன்றியவர்களுக்கு 5 முதல் 10 வருடத்திலேயே ஆகிவிடலாம்.

ஆக, மறிப்பதற்கு இரண்டு இடம் இருக்கிறது. வைரஸ் உள்ளே வருவதற்கு முன்னால் தடுப்பூசி மறிக்கும். வந்து தங்கிய பிறகு, புற்றாவதற்கு முன்பான அந்த நீண்ட வருடங்களில் பரிசோதனை மறிக்கும். ஆணுறை ஓரளவு காக்கும், ஆனால் அது மூடாத தோலிலும் வைரஸ் இருக்கும். “சுத்தமாக இருந்தால் வராது” என்பது உண்மையில்லை. 2022-ல் உலகம் முழுவதும் சுமார் 6,60,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது, சுமார் 3,50,000 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்ந்தது இந்த இரண்டு இடத்திலும் மறிக்க வசதி குறைந்த நாடுகளில்.

11 வயதுக்கு: இப்போதா, பிறகா

“இவ்வளவு சின்னப் பெண்ணுக்கு இப்பவே எதற்கு?” என்பதுதான் எனக்கு முதலில் வந்த எண்ணம். பதினெட்டு ஆகட்டும், அவளே முடிவு செய்யட்டும் என்று ஒரு பக்கம் தோன்றியது. கல்யாணம் நெருங்கும்போது போட்டால் போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. என் மனசை மாற்றியது இங்கிலாந்தின் கணக்கு.

இங்கிலாந்தில் 2008-ல் பள்ளிகளில் இந்த ஊசியைப் போட ஆரம்பித்தார்கள். 12, 13 வயதுப் பெண்களுக்கு வழக்கமான அட்டவணையில், அதைத் தாண்டி 18 வயது வரை இருந்தவர்களுக்குத் துரத்திப் பிடிக்கும் திட்டத்தில். இந்தப் பெண்கள் வளர்ந்து இருபதுகளில் இருக்கும்போது யாருக்கெல்லாம் கருப்பை வாய்ப் புற்றுநோய் வந்தது என்று பார்த்தார்கள். 2021-ல் முடிவு வெளிவந்தது. திட்டத்துக்கு முந்தைய தலைமுறையோடு ஒப்பிட்டால், 12–13 வயதில் ஊசி கிடைத்த வயதுப் பிரிவில் நோய் 87 சதவீதம் குறைந்திருந்தது. 14–16 வயதில் கிடைத்தவர்களிடம் 62 சதவீதம். 16–18 வயதில் கிடைத்தவர்களிடம் 34 சதவீதம்.

இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி ஒன்றுதான், நாடு ஒன்றுதான். மூத்த பெண்களில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் குறைவு என்பதும் இதில் ஒரு பங்கு. ஆனால் பெரிய காரணம், சிலருக்கு வைரஸ் ஊசிக்கு முன்பே வந்துவிட்டது. இந்த ஊசி வருமுன் காப்பது மட்டும்தான், ஏற்கெனவே தங்கிவிட்ட வைரஸை அது வெளியேற்றாது.

ஸ்வீடனில் சுமார் 16.7 லட்சம் பெண்களைப் பின்தொடர்ந்து 2020-ல் வந்த ஆய்வும் அதே பக்கம்தான் காட்டுகிறது: 17 வயதுக்கு முன் போட்டவர்களிடம் 88 சதவீதம் குறைவு, 17 முதல் 30 வயதுக்குள் போட்டவர்களிடம் 53 சதவீதம் குறைவு. 2024-ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த செய்திதான் என்னைக் கலங்க வைத்தது. அங்கே 12, 13 வயதில் ஊசி போட்ட பெண்கள் ஒருவருக்குக்கூட, ஆய்வு நடந்த காலம் வரை, திசுவுக்குள் ஊடுருவிய கருப்பை வாய்ப் புற்றுநோய் வந்ததாகப் பதிவாகவில்லை. ஒருவருக்குக்கூட இல்லை. சித்தியை நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. 9 முதல் 14 வயதுக்குள் உடம்பு இந்த ஊசிக்குக் கொடுக்கும் பதில் பெரியவர்களைவிட வலுவானது. அதனால்தான் அந்த வயதில் டோஸும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 9–14 வயதுப் பெண்களை முதல் இலக்காக வைத்திருப்பதும் வைரஸ் வருமுன் போட்டுவிடத்தான். ‘அவளே முடிவு செய்யட்டும்’ என்று பதினெட்டு வரை விட்டால், அவள் கைக்குப் போவது பலன் தேய்ந்துபோன ஊசி.

சரி, கூச்சம்? அதையும் பேசிவிடலாம். பாலுறவில் பரவும் நோய்க்கு ஊசி போட்டால் பெண்ணுக்கு ஏதோ அனுமதி கொடுத்த மாதிரி ஆகாதா என்று பலரும் வாய்விட்டுக் கேட்காமல் நினைக்கிறார்கள். ஹெபடைடிஸ் பி ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் உறவு வழியாகப் பரவக்கூடிய வைரஸ், அதுவும் புற்றுநோயில், கல்லீரல் புற்றுநோயில், கொண்டுபோய் விடக்கூடியது. அதைப் பிறந்த குழந்தைக்கே போடுகிறோம், யாருக்கும் வேறு எண்ணமே வருவதில்லை. ருபெல்லா ஊசி சிறுமிக்குப் போடுவது பின்னாளில் அவள் வயிற்றில் வளரப்போகும் பிள்ளைக்காகவும்தான், அதனால் அவளைத் தாயாகச் சொல்கிறோம் என்று ஆகிவிடுமா? எச்பிவி ஊசி போட்ட பெண்கள் உறவு வாழ்க்கையைச் சீக்கிரம் தொடங்குகிறார்களா என்று பல நாடுகளில் ஆராய்ந்தும் பார்த்துவிட்டார்கள். அப்படி இல்லை.

என் மகளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: “பெரியவளான பிறகு ஒரு வைரஸ் வரலாம். அது வயிற்றுக்குள்ளே புற்றுநோய் உண்டாக்கும். இப்பவே போட்டால் உடம்பு அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும்.” அவள் கேட்டது ஒரே கேள்வி: “சின்னப் பாட்டிக்கு வந்ததா?” ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இரண்டா, நான்கா, ஒன்பதா

அடுத்து எந்த ஊசி என்ற கேள்வி. இதில்தான் பெற்றோர் அதிகம் குழம்புகிறார்கள் என்று மருத்துவர் சொன்னார்.

எல்லா எச்பிவி ஊசிகளும் ஒரே யோசனையில் செய்தவை. வைரஸின் மேலோட்டில் உள்ள புரதத்தை மட்டும் தனியாகத் தயாரித்தால் அது தானே உருண்டு காலி ஓடு மாதிரி கூடிக்கொள்ளும். உள்ளே மரபணு கிடையாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயன் ஃப்ரேசரும் ஜியான் ஜோவும் 1991-ல் இதைச் செய்து காட்டினார்கள். உடம்பு அந்த ஓட்டை நிஜ வைரஸ் என்று எண்ணி எதிர்ப்பாற்றலைத் தயாரித்து வைக்கும். உயிருள்ள வைரஸ் எதுவும் இல்லாததால் ஊசியால் தொற்றோ புற்றோ வர வழியே இல்லை.

வித்தியாசம், எத்தனை வகைகளின் ஓடு உள்ளே இருக்கிறது என்பதில். செர்வாரிக்ஸ், செக்கோலின், வால்ரின்வாக்ஸ் ஆகியவற்றில் 16, 18 இரண்டும் மட்டும். 2006-ல் வந்த கார்டசிலிலும், பிறகு வந்த செர்வாவாக்கிலும் அவற்றோடு பிறப்புறுப்பு மரு உண்டாக்கும் 6, 11-உம் சேர்ந்து நான்கு. கார்டசில் 9-ல் மேலும் ஐந்து புற்றுநோய் வகைகள், அதாவது 31, 33, 45, 52, 58. காகிதத்தில் பார்த்தால் 16, 18 மட்டும் என்றால் 70 சதவீதப் புற்றுநோய்க்குக் காவல், ஒன்பது என்றால் 90 சதவீதம்.

இதைப் படித்ததும் நானும் ஒன்பதுதான் வேண்டும் என்று நின்றேன். விசாரித்தபோது கையிருப்பில் நான்கு வகை ஊசி இருந்தது, ஒன்பது வகைக்கு எப்போது சரக்கு வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காத்திருக்கலாம் என்றே வீட்டுக்குத் திரும்பினேன். பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது: இங்கிலாந்தின் அந்த 87 சதவீதமும், ஸ்காட்லாந்தின் அந்த பூஜ்ஜியமும், வெறும் இரண்டு வகை ஊசியால் கிடைத்தவை. 16, 18-க்குப் போடும் ஊசி அவற்றின் நெருங்கிய உறவான 31, 33, 45-க்கும் ஓரளவு காவல் தருகிறது. மிகச் சின்ன வயதில் புற்றாக மாறுவதும் பெரும்பாலும் 16, 18-தான். ஒரே இரண்டு வகை ஊசி, போட்ட வயதைப் பொறுத்து 87-ஆகவும் 34-ஆகவும் பலன் கொடுத்திருக்கிறது. வயதால் வருகிற அந்த இடைவெளியோடு பார்த்தால், இரண்டு வகைக்கும் ஒன்பது வகைக்கும் நடுவில் இருப்பது சின்ன இடைவெளி.

எனவே என் தீர்ப்பு இது: ஒன்பது வகை கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, வாங்கவும் முடியும் என்றால் அதைப் போடுங்கள், அது கூடுதல் நல்லதுதான். மருவுக்கும் பாதுகாப்பு வேண்டுமானால் நான்கோ ஒன்பதோ. ஆனால் எது கிடைக்கிறதோ அதைச் சரியான வயதில் போடுவது, சிறந்ததற்காக வருடக்கணக்கில் காத்திருப்பதைவிட மேல். என் மகளுக்கு அடுத்த வாரமே நான்கு வகை ஊசி போட்டோம்.

எத்தனை டோஸ்

தொடக்கத்தில் மூன்று டோஸ். பிறகு சிறுமிகளுக்கு இரண்டு. இப்போது ஒன்றே போதும் என்கிறார்கள் என்று கேட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது.

ஒரு டோஸ் விஷயம் தெரியவந்ததே ஒரு விபத்து மாதிரிதான். இந்தியாவில் 2009-ல் இரண்டு டோஸையும் மூன்று டோஸையும் ஒப்பிட ஓர் ஆய்வு தொடங்கினார்கள். அந்த ஆய்வோடு சம்பந்தமில்லாத காரணங்களால் 2010-ல் ஊசி போடுவது நிறுத்தப்பட்டது. சுமார் 5,000 சிறுமிகள் ஒரு டோஸோடு நின்றுவிட்டார்கள். ஆய்வாளர்கள் அவர்களையும் விடாமல் பின்தொடர்ந்தார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தால், 16, 18 வகைகள் உடம்பில் தங்கிவிடாமல் தடுப்பதில் ஒரு டோஸின் பலன் சுமார் 95 சதவீதம். இரண்டு, மூன்று டோஸ் போட்டவர்களிடமும் கிட்டத்தட்ட அதே அளவு. கோஸ்டாரிகாவிலும் ஒரு டோஸ் போட்டவர்களுக்குப் பத்து வருடத்துக்கு மேலும் எதிர்ப்பாற்றல் நிலைத்திருந்தது. கென்யாவில் 15 முதல் 20 வயதுப் பெண்கள் 2,275 பேரிடம் முறையாக நடத்திய சோதனையில் 18 மாதத்தில் ஒரு டோஸின் பலன் 97.5 சதவீதம்.

இவற்றை வைத்து 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றியது. 9 முதல் 20 வயது வரை ஒன்று அல்லது இரண்டு டோஸ், 21 வயதுக்கு மேல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் எச்ஐவி உள்ளவர்களுக்கும் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. 2023-ல் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் பள்ளிச் சிறுமிகளுக்கு ஒரு டோஸுக்கு மாறிவிட்டன. பல நாடுகளின் அட்டவணையில் 15 வயதுக்குப் பிறகு தொடங்குகிறவர்களுக்கு இன்னும் மூன்று டோஸ்தான்: இன்று, இரண்டு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து.

ஒரு நாட்டுக்கு ஒரு டோஸ் மிகப் பெரிய லாபம், அதே ஊசியில் இரண்டு மடங்கு பெண்களைக் காப்பாற்றலாம். ஒரு வீட்டுக்கு? உங்கள் நாட்டுத் திட்டம் ஒன்று போதும் என்றால் நிம்மதியாக ஒன்றோடு நிற்கலாம். மருத்துவர் இரண்டு சொன்னால் அதிலும் தவறில்லை. என் மகளுக்கு இரண்டு சொன்னார், இரண்டும் போட்டாயிற்று. இரண்டாவது டோஸ் தள்ளிப்போய்விட்டால் பயப்பட வேண்டாம், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை.

பயமும் அதன் விலையும்

ஊசி போட்ட அன்று நடந்ததைச் சொல்கிறேன். இடது தோளுக்குக் கீழே, சட்டைக் கையை மடித்துவிட்டு, அரை மில்லி மருந்து. அவள் என் விரலை இறுக்கிப் பிடித்திருந்தாள். எண்ணி மூன்று வினாடி. பிறகு செவிலியர் அவளை எழுந்திருக்க விடாமல் 15 நிமிடம் உட்கார வைத்தார். இந்த வயதுப் பிள்ளைகளில் சிலர் எந்த ஊசி போட்டாலும் தலைசுற்றி மயங்கி விழுவார்கள், நின்றுகொண்டு விழுந்தால் அடிபடும், அதற்காகத்தான் என்றார். அன்று மாலை கை வலித்தது, ஊசி போட்ட இடம் ஒரு நாணயம் அளவு சிவந்திருந்தது, இரவு லேசாகத் தலைவலி. மறுநாள் பள்ளிக்குப் போய்விட்டாள்.

பெரும்பாலோருக்கு இவ்வளவுதான். கடுமையான ஒவ்வாமை மிக மிக அரிது, வந்தாலும் பெரும்பாலும் அந்தக் கால் மணி நேரத்துக்குள் தெரியும், அங்கேயே சமாளிக்க மருந்து இருக்கும். ஈஸ்ட்டுக்கோ முந்தைய டோஸுக்கோ கடும் ஒவ்வாமை வந்திருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். பிள்ளைப்பேறு பாதிக்கும் என்பது வதந்தி. கோடிக்கணக்கான டோஸ்களுக்குப் பிறகும் அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

பயத்துக்கு ஜப்பான் கொடுத்த விலை பெரியது. 2013 ஏப்ரலில் அங்கே இந்த ஊசி தேசிய அட்டவணையில் சேர்ந்தது. சில சிறுமிகளுக்கு நீங்காத வலியும் நடுக்கமும் வந்ததாகச் செய்திகள் பரவ, இரண்டே மாதத்தில் அரசு தன் பரிந்துரையை நிறுத்திவைத்தது. எழுபது சதவீத அளவில் இருந்த ஊசிக் கணக்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. நகோயா நகரத்தில் சுமார் 30,000 இளம்பெண்களிடம் 24 விதமான அறிகுறிகளைக் கேட்டு ஆராய்ந்தார்கள். ஊசி போட்டவர், போடாதவர் இரு பக்கமும் அவை ஒரே மாதிரிதான் இருந்தன. அந்தச் சிறுமிகள் பட்ட துன்பம் நிஜம், அதை யாரும் மறுக்கக் கூடாது. ஆனால் அதற்குக் காரணம் ஊசி என்று தேறவில்லை. பரிந்துரை திரும்ப வந்தது 2022 ஏப்ரலில். இடையில் ஒன்பது வருடப் பெண்கள் சரியான வயதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

அயர்லாந்திலும் இதே போன்ற பயம் பரவி ஊசி போடுவோர் எண்ணிக்கை சரிந்தது. லாரா பிரென்னன் என்ற பெண் 24 வயதில் இந்தப் புற்றுநோய் வந்து, குணமாகாது என்று தெரிந்த பிறகும் ஊரெல்லாம் போய் ஊசிக்காகப் பேசினார். 2019-ல் 26 வயதில் இறந்தார். அங்கே பெற்றோர் மறுபடி ஊசி போட முன்வந்ததில் அவர் பங்கு பெரிது.

23 வயதுக்கு: இனி பயன் உண்டா

தங்கைக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. “எனக்கு லேட் ஆயிடுச்சு இல்ல அக்கா?” என்றாள். அந்தக் கேள்வியில் அவள் அம்மாவும் இருந்தார்.

லேட் என்பது உண்மை, வீண் என்பது உண்மையில்லை. ஸ்வீடனின் 53 சதவீதம் இந்த வயதுப் பெண்களுடையதுதான். ஒரு வகை ஏற்கெனவே தொற்றியிருந்தாலும் ஊசியில் உள்ள மற்ற வகைகள் தொற்றியிருக்காது, அவற்றுக்குக் காவல் கிடைக்கும். முன்பே தொற்று இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் ஊசி போட வேண்டும் என்பதில்லை. அந்தச் சோதனையால் முடிவு மாறாது. 26 வயது வரை போடாதவர்கள் போட்டுக்கொள்வது நல்லது என்பது பல நாடுகளின் வழிகாட்டல். அம்மாவுக்கு வந்ததால் மகளுக்கும் வந்தே தீரும் என்பதும் இல்லை. குடும்பத்தில் இருந்தால் ஆபத்து கொஞ்சம் கூடலாம், ஆனால் இந்த நோய்க்கு வைரஸ் வேண்டும், ரத்தத்தில் மட்டும் வந்துவிடாது. அதை அவளுக்கு இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவளுக்கு உண்மையான தேர்வு வேறு இடத்தில் இருந்தது: கர்ப்பம். கர்ப்பமாக இருக்கும்போது இந்த ஊசி போடுவதில்லை. தெரியாமல் போட்டுவிட்டால் கருவுக்குக் கெடுதல் வந்ததாகக் காணவில்லை, கருவைக் கலைக்க எந்த அவசியமும் இல்லை, மீதி டோஸை மட்டும் பிரசவத்துக்குப் பிறகு தள்ளிவைப்பார்கள். தாய்ப்பால் கொடுக்கும்போது போடலாம். மூன்று டோஸ் முடியும் வரை குழந்தையைத் தள்ளிப்போடுவதா, குழந்தை பெற்ற பிறகு ஊசியைத் தொடங்குவதா என்று அவர்கள் இருவரும் யோசித்தார்கள். மருத்துவர் சொன்ன வழி மூன்றாவது: இன்றே முதல் டோஸ், நடுவில் கரு தரித்தால் நிறுத்திவிட்டுப் பிறகு தொடரலாம். அந்த நாளே போட்டுக்கொண்டாள்.

41 வயதுக்கு: ஊசியைவிடப் பரிசோதனை

அமெரிக்காவில் 2018-லிருந்து 45 வயது வரை இந்த ஊசிக்கு அனுமதி உண்டு. எனக்கும் போடலாம்தான். ஆனால் என் வயதில் வரவேண்டிய வைரஸ் பெரும்பாலும் வந்து போயிருக்கும், அல்லது தங்கியிருக்கும். தங்கியிருந்தால் ஊசி அதைத் தொடாது. என் வயதுப் பெண்கள் தங்களுக்கு ஊசி போட்டுக்கொண்டு “பாதுகாப்பு வந்தாச்சு” என்று பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடக்கூடும், அதுதான் எனக்குக் கவலை. நாற்பதுகளில் நேரமும் பணமும் முதலில் போக வேண்டியது பரிசோதனைக்கு.

அதிலும் மூன்று வழி. முதலாவது பாப் ஸ்மியர். ஜார்ஜ் பாப்பனிகோலாவ் உருவாக்கி 1940-களிலிருந்து புழக்கத்துக்கு வந்தது. கருப்பை வாயிலிருந்து செல்களைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பது. முறையாக நடத்திய நாடுகளில் இறப்பை வெகுவாகக் குறைத்திருக்கிறது. ஆனால் ஒரே சோதனையில் சில மாற்றங்கள் தவறிவிடும், அதனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை போக வேண்டும். இரண்டாவது, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் காத்திருந்து, வெள்ளையாக மாறும் இடம் இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது. ஆய்வகமே வேண்டாம், உடனே தெரியும். ஆனால் பார்ப்பவரின் கண்ணையும் பழக்கத்தையும் பொறுத்தது, மாதவிடாய் நின்றவர்களுக்கு அவ்வளவு ஒத்துவராது. மூன்றாவது எச்பிவி டிஎன்ஏ சோதனை. செல் மாறியதா என்று தேடாமல் வைரஸே இருக்கிறதா என்று தேடுவது. தவறவிடுவது மிகக் குறைவு என்பதால் உலக சுகாதார நிறுவனம் இதையே முன்னால் வைக்கிறது. 30 வயதிலிருந்து, 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை போதும். எச்ஐவி உள்ளவர்களுக்கு 25-லிருந்து, 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை.

இந்தச் சோதனையை இருபதுகளின் தொடக்கத்தில் செய்யாததற்குக் காரணம் இருக்கிறது. அந்த வயதில் தொற்று அடிக்கடி வந்து தானாகப் போகும். அதைத் துரத்தினால் தேவையில்லாத சிகிச்சையில் முடியலாம், கருப்பை வாயில் ஒரு பகுதியை வெட்டியெடுக்கும் சிகிச்சை பின்னால் குறைப்பிரசவ வாய்ப்பைக் கூட்டக்கூடும்.

நான் தேர்ந்தெடுத்தது டிஎன்ஏ சோதனை, அதிலும் நானே மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறை. 33 வயதில் ஒரு பாப் ஸ்மியர் எடுத்தபோது இருந்த கூச்சத்திலும் வலியிலும்தான் அதற்கப்புறம் எட்டு வருடம் போகாமலே இருந்தேன். இந்த முறை கையில் கொடுத்தது காது குடையும் பஞ்சுக் குச்சி போல, அதைவிட நீளமாக ஒன்று. கழிப்பறைக்குள் போய், சில அங்குலம் உள்ளே விட்டு, சில தடவை சுற்றி எடுத்து, குழாயில் போட்டு மூடிக் கொடுக்க வேண்டும். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வலிக்கவில்லை. எட்டு வருடத்தை எதற்கு விட்டேன் என்று வருத்தமாக இருந்தது. முடிவு நெகட்டிவ் வந்தது, ஐந்து வருடம் கழித்து வரச் சொன்னார்கள். பாசிட்டிவ் வந்தாலும் அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அடுத்து கருப்பை வாயை நேரில் பார்ப்பார்கள், புற்றுக்கு முந்தைய நிலை மாற்றம் இருந்தால் பெரும்பாலும் மயக்க மருந்தில்லாமல், சூடு வைத்தோ உறைய வைத்தோ சில நிமிடத்தில் அகற்றிவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் இந்த ஒப்பீடுகளுக்கு வெளியே வையுங்கள். மாதவிடாய்க்கு நடுவில், உறவுக்குப் பிறகு, அல்லது மாதவிடாய் நின்று வருடம் கழித்து உதிரம் பட்டால், நாற்றத்துடன் வெள்ளை பட்டால், ஊசியா சோதனையா என்று யோசிக்காமல் அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். சித்திக்கு நாங்கள் கொடுக்காதது அந்தப் பத்து மாதம்தான்.

பையன்களைப் பற்றிக் கேட்பீர்கள். அவர்களுக்கும் இந்த வைரஸால் தொண்டை, ஆசனவாய், ஆண்குறிப் புற்றுநோய் வருகிறது. ஆஸ்திரேலியா 2013-லிருந்து பையன்களுக்கும் போடுகிறது. போட முடிந்தால் போடுங்கள். ஊசி அளவாகத்தான் இருக்கிறது என்றால் பெண்களுக்கு முதலில்.

சரியான வயதில் ஊசி போட்ட பெண்ணும் பின்னாளில் பரிசோதனைக்குப் போக வேண்டும், ஊசியில் இல்லாத வகைகளும் உண்டே. அப்போது எந்த ஊசி, எந்தத் தேதி என்று கேட்பார்கள். என் மகளின் அட்டையில் ஊசியின் பெயர், தேதி, தொகுதி எண் மூன்றும் எழுதி வாங்கி, படம் எடுத்தும் வைத்திருக்கிறேன். அவள் முதல் சோதனைக்குப் போக இன்னும் 19 வருடம் இருக்கிறது. தங்கையின் அட்டையில் இரண்டு வரிதான் நிரம்பியிருக்கிறது. மூன்றாவது டோஸ் தேதிக்கு முந்தைய வாரம் அவள் கரு தரித்திருப்பது தெரிந்தது. அந்த வரியில் செவிலியர் பென்சிலால் “பிரசவத்துக்குப் பிறகு” என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.